ஒரு மன்னன், ஒரு சட்டம், ஒரு மதம்



குடிகள் யாவரும் மன்னனுடைய மதத்தையே தழுவினாலன்றி அவர்கள் அவனுக்கு உண்மையாயிரார் என்பது பழைய ஐரோப்பிய அரசறிஞர் பலருடைய துணிபு. “ஒரு மன்னன், ஒரு சட்டம், ஒரு மதம்” என்று பிரான்சு தேசத்தில் ஒரு வாய்பாடே வழங்கி வந்தது. அதனை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற முற்பட்ட ஓர் அரசு எதனைப் பெற்றது, எதனை இழந்தது என்பதையே இன்று உங்களோடு ஆராய விரும்புகின்றேன்.

பிரான்சில் கத்தோலிக்கருக்கும், ஹியூகெனோக்கள் எனப்பட்ட புரட்டஸ்தாந்தருக்கும் இடையே 1562 இல் மூண்ட போர், இடையிடையே ஓய்ந்தும் மீண்டும் எழுந்தும் 1598 வரை நீடித்தது. 1572 ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே பாரிசு நகரத் தெருக்களில் நிகழ்ந்த படுகொலையை உலகம் இன்றும் மறக்கவில்லை. புரட்டஸ்தாந்தராக வளர்ந்து, அரசுரிமையின் பொருட்டுக் கத்தோலிக்கரான நான்காம் ஹென்றி மன்னர் 1598 இல் நாந்து நகரிலே ஒரு கட்டளை பிறப்பித்தார். குறித்த இடங்களில் ஹியூகெனோக்கள் வழிபடலாம். அரச பதவிகளை வகிக்கலாம். தங்கள் காவலுக்குச் சில கோட்டைகளையும் வைத்திருக்கலாம் என்பன அதன் சாரம். கோட்டை உரிமை 1629 இல் பறிக்கப்பட்டது, வழிபாட்டுரிமை எஞ்சியது. அதன் பின்னர் அம்மக்கள் கலகம் செய்யாது வேளாண்மையிலும் நெசவிலும் வாணிகத்திலும் கருத்தூன்றினர். நாட்டிலிருந்த ஏறத்தாழ 2 கோடி மக்களுள் அவர்கள் 8 இலட்சம் அளவினரே.

ஆயினும் பதினான்காம் லூயி மன்னருக்கு இந்தச் சிறு வேற்றுமையும் உறுத்தியது. 1681 ஆம் ஆண்டு முதல் ஹியூகெனோ இல்லங்களிலே குதிரைப் படையினரைக் குடியமர்த்தும் முறை தொடங்கிற்று. மதம் மாறும் வரை அப்படையினர் அவ்வீட்டிலே உண்பர், உறங்குவர், உடைமைகளை அழிப்பர். படைவீரரின் வருகைச் செய்தி எட்டிய மாத்திரத்தே ஊர் முழுவதும் மதம் மாறியதும் உண்டு. பின்பு 1685 ஐப்பசியிலே மன்னர் நாந்துக் கட்டளையை நீக்கினார். அதற்கு அவர் கூறிய நியாயம் வியப்புக்குரியது: ஹியூகெனோக்களுள் பெரும்பாலோர் மதம் மாறிவிட்டமையால் பழைய கட்டளைக்குத் தேவையே இல்லையாம்! கோவில்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் பதினைந்து நாளில் நாட்டை விட்டகல வேண்டும். ஏனையோரோ அகலவே கூடாது. எல்லை கடக்க முயன்று அகப்பட்ட ஆடவர், துடுப்புக் கப்பல்களிலே சங்கிலியிற் பிணிக்கப்பட்டனர்.

அவ்வாறிருந்தும் ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் பேர் வரை தப்பிச் சென்றனர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு. முப்பதாண்டுப் போரினால் பாழடைந்து கிடந்த பிராண்டன்பேர்க் நாட்டின் அதிபர், கட்டளை நீங்கிய சில கிழமைகளுக்குள்ளே அவர்களுக்கு நிலமும் வரிவிலக்கும் தருவதாக அறிவித்தார். சுமார் 20,000 பேர் அங்குச் சென்றனர். 1700 ஆம் ஆண்டளவில் பேர்லின் நகர மாந்தருள் ஐவரில் ஒருவர் பிரெஞ்சு அகதி எனலாம். இலண்டனின் கிழக்குப் புறத்திலுள்ள ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதி பட்டு நெசவுக்குப் பேர் பெற்றது இவர்களாலேயே. நிகழ்தகவுக் கணிதத்தை வளர்த்த ஆபிரகாம் த முவாவர் இலண்டனில் அடைக்கலம் புகுந்தவர். நீராவியினால் உந்துதண்டை இயக்கலாம் என்று 1690 இல் எழுதிய தெனி பப்பான், அதனை எழுதியது ஜேர்மனியிலிருந்து. பிரான்சின் தளபதியாயிருந்த ஷொம்பேர்க், இங்கிலாந்து மன்னரின் படைத்தலைவராகி 1690 இல் பொயின் ஆற்றங்கரைப் போரிலே உயிர் நீத்தார்.

அடைக்கலம் கொடுத்தோர் யாவரும் சமரச ஞானிகள் என்று எண்ணிவிடலாகாது. அகதிகளை ஆயிரக்கணக்கில் வரவேற்ற நாடு ஒல்லாந்து. அதே ஒல்லாந்தரின் கம்பெனி அக்காலத்திலே நமது இலங்கையின் கரையோரங்களில் கத்தோலிக்க குருமாரைத் தடை செய்திருந்தது. 1687 இல் இங்கு வந்த யோசேப் வாஸ் அடிகளார் பிச்சையேற்பவர் போல வீடு வீடாகத் திரிந்தே தம் பணியை ஆற்றினார். அவருக்கு ஈற்றில் வெளிப்படையாக வழிபாடு நடத்த இடமளித்தவர், கண்டியை ஆண்ட பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியர். முதலில் ஒற்றரென ஐயுற்றுச் சிறை வைத்தவரும் அவரே. ஐயம் தெளிந்தபின் அவர் தம் மதத்தைக் காரணங்காட்டித் தடுக்கவில்லை.

பிரான்சுக்கு மீள்வோம். மன்னரின் செயலைப் புகழ்ந்து பாடாத அரசவைப் புலவர் அரியர். அவர்களிடையே உண்மையை எடுத்துரைத்தவர் ஒரு கோட்டை கட்டும் பொறியியலாளர். வோபான் என்பது அவர் பெயர். மதத்தால் அவரும் கத்தோலிக்கரே. 1689 இல் அவர் போர் அமைச்சர் லூவோவாவுக்கு ஒரு விண்ணப்பம் வரைந்தார். 80,000 முதல் 1,00,000 பேர் வரை வெளியேறினர், மூன்று கோடி லிவர் நாணயத்துக்கு மேல் அவர்களோடு போயிற்று, தொழில்கள் சீரழிந்தன, 8,000 முதல் 9,000 மாலுமிகளும், 10,000 முதல் 12,000 போர்வீரர்களும், 500 முதல் 600 அதிகாரிகளும் பகைவர் பக்கம் சேர்ந்தனர் என்று அவர் கணக்குக் காட்டினார். அரசர்கள் குடிகளின் உயிருக்கும் உடைமைக்கும் தலைவராகலாம், கருத்துக்குத் தலைவராக இயலாது என்றும் துணிந்து எழுதினார். விண்ணப்பம் பயனளிக்கவில்லை.

இங்கே ஓர் ஐயத்தையும் மறையாது கூற வேண்டும். பிரான்சின் பொருளாதாரத் தளர்ச்சி முழுவதையும் இவ்வெளியேற்றத்தின் தலையிற் சுமத்துவது பொருந்தாது என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் வாரன் ஸ்கோவில் 1960 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஓயாத போர்களும் பெருவரிகளும் 1693, 1694 ஆம் ஆண்டுகளின் பஞ்சமும் செய்த கேடு மிகப் பெரிது. அது சரியென்றே எனக்கும் தோன்றுகின்றது. ஆனால் போனவர்களை மட்டும் எண்ணுவதால் கணக்கு முடிவதில்லை. எஞ்சியவர்களையும் எண்ண வேண்டும். ஹியூகெனோக்களுள் பெரும்பாலோர் நாட்டிலேயே இருந்தனர்.

சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் இல்லாதவர்கள். பிறப்பும் திருமணமும் இறப்பும் கத்தோலிக்க ஆலயப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டன. அங்கே பணிய மறுத்தவரின் மனைவி சட்டப்படி மனைவியல்லள். பிள்ளை முறையான பிள்ளையன்று. தந்தையின் சொத்தில் அதற்கு உரிமை ஐயத்துக்குரியது. தன் மகனுக்குச் சேருமோ சேராதோ என்று அறியாத ஒருவன் எந்த ஊக்கத்தோடு தோட்டமிடுவான், தொழிற்சாலை எழுப்புவான்? அவர்கள் காடுகளிலும் மலைக்குகைகளிலும் இரவிலே கூடி வழிபட்டனர். 1702 இல் செவென் மலைநாட்டு உழவரும் கம்பளி நெசவாளரும் ஆயுதமெடுத்தனர். ஐரோப்பாவின் பெரும்பகுதியோடு பிரான்சு பொருதுகொண்டிருந்த அவ்வேளையில், புகழ்பெற்ற தளபதி வில்லாரை எல்லையிலிருந்து அழைத்துத் தன் சொந்தக் குடிகளை அடக்க அனுப்ப நேர்ந்தது. போதகர் ஒருவரின் சகோதரியான மரி துரான் 1730 இல் ஒரு கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டு 1768 வரை, முப்பத்தெட்டு ஆண்டுகள், அங்கேயே இருந்தார். தன் மகனைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1762 இல் துலூஸ் நகரிலே சக்கரத்திற் கட்டி எலும்பு முறித்துக் கொல்லப்பட்ட வணிகர் ஷான் கலாஸ் குற்றமற்றவர் என்பது, வோல்த்தேர் எழுப்பிய பெருங்குரலுக்குப் பின் 1765 இலேதான் ஏற்கப்பட்டது.

பதினாறாம் லூயி மன்னர் 1787 இல் கத்தோலிக்கர் அல்லாதாரின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்ய இசைந்தார். ஒரு பதிவேட்டைத் திறப்பதற்கு நூற்றிரண்டு ஆண்டுகள் சென்றன. இரண்டாண்டுகளிலே புரட்சி வந்தது. 1790 மார்கழியில் தேசிய சபை, மதத்தின் பொருட்டு நாடிழந்தோரின் வழித்தோன்றல்கள் மீண்டும் வந்தால் பிரெஞ்சுக் குடியுரிமை பெறலாமென்று சட்டமியற்றியது. ஆனால் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. பேர்லினிலும் இலண்டனிலும் அவர்களின் பேரப்பிள்ளைகள் வேற்று மொழியிலே சிந்திக்கத் தொடங்கியிருந்தனர். திரும்பியோர் மிகச் சிலர். ஜேர்மன் மொழியின் தலைசிறந்த நாவலாசிரியருள் ஒருவரெனப் போற்றப்படும் தெயோடோர் பொந்தானே, 1819 இல் பிராண்டன்பேர்க் நாட்டிலே அத்தகைய ஒரு குடும்பத்திற் பிறந்தவர்.