தப்புக்கு எந்த ஒலிவாங்கி?

மாத்தளை நகரில் பாடசாலை மண்டபம் ஒன்றில் 1979ஆம் ஆண்டு நடைபெற்ற கலைவிழாவுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். பத்திரிகைத் துறைக்கு நான் புதியவனாக இருந்த காலம் அது. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தப்புக் குழுவினர் அறுவர் வந்திருந்தனர். கண்டியிலிருந்து மெல்லிசைக் குழு ஒன்றும் வந்திருந்தது. மெல்லிசைக் குழுவினரின் ‘டிரம் செட்’டுக்கு மாத்திரம் மூன்று ஒலிவாங்கிகள் வைக்கப்பட்டிருந்தன. பெரிய டிரம்மின் முன்னே ஒன்று, ஸ்னேர் டிரம்மின் விளிம்பருகே ஒன்று, வெண்கலத் தட்டுகளுக்கு மேலே ஒன்று. தப்புக் குழுவினர் அறுவருக்கும் சேர்த்து ஒன்றேனும் இல்லை.

ஒலிபெருக்கி அமைத்தவரிடம் காரணம் கேட்டேன். “தப்புக்கு எதுக்கு சார் மைக்கு? மலையில அடிச்சா அடிவாரத்துல கேக்குமே” என்று சிரித்தார்.

அவர் கூறியது பொய்யன்று. ஆனால், விழாவின் இறுதி நிகழ்ச்சியில் இரு குழுவினரும் சேர்ந்து வாசித்தபோது நடந்தது வேறு. மெல்லிசைக் குழுவின் ஒலி மண்டபத்தின் இருமருங்கும் நின்ற ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து புறப்பட்டது. தப்போ மேடையிலிருந்து தன் சொந்தப் பலத்தில் வரவேண்டியிருந்தது. முன்வரிசைகளைத் தாண்டியதும் அது காணாமற் போயிற்று. அறுவரும் வியர்வை சொட்ட அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற எனக்குக் கைகள் அசைவது மட்டுமே தெரிந்தது. விழா முடிந்தபின் குழுவின் மூத்தவர் என்னிடம் வந்து, “ஐயா, பின்னால உக்காந்திருந்த எங்க புள்ளைக, நீங்க அடிச்சது ஒண்ணுமே கேக்கலையேன்னு சொல்லுதுக. பேப்பர்லயாவது எங்க பேரப் போடுங்க” என்றார். நான் எழுதியனுப்பிய செய்தியில் அவர்களைப் பற்றி ஒரு வரி இருந்தது. இடப்பற்றாக்குறையால் அந்த வரி அச்சேறவில்லை.

தப்புக்கு ஒலிவாங்கி வேண்டியதில்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இவ்வினா நெடுங்காலம் என் மனத்தில் கிடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியோர் மலையேறுமுன் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. இன்று 108 அடி இராஜகோபுரத்துடன் நிற்கும் முத்துமாரியம்மன் கோயில், மரத்தடியில் வைத்து வழிபட்ட சிறு சிலையிலிருந்து வளர்ந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியுடன் அது கோயிலாகக் கட்டப்பட்டது 1874இல். மாத்தளைக்கு ரயில் வந்தது அதற்கும் ஆறாண்டுகள் கழித்து, 1880இல்.

அம்மக்களோடு தப்பும் வந்தது. தோட்டத்தில் அதற்கு முதலில் கிடைத்த வேலை இசையன்று, மணிக்கூட்டின் வேலை. விடியுமுன் லயங்களில் உறங்குவோரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைப்பது தப்பொலியே. பள்ளத்தாக்கின் இருபுறமும் சிதறிக் கிடக்கும் லயங்கள் யாவற்றுக்கும் ஒருவர் அடித்தால் எட்டவேண்டும். அதனாலேயே மலையகத்தில் தப்பின் உரப்பு ஒரு தொழில் தகுதியாயிற்று. பிறகு சாவு வீடு, கோயில் கரகம், மாசி மாதத்துக் காமன் கூத்து. இவையனைத்தும் திறந்தவெளி நிகழ்வுகள். அடிப்போர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர். அவர்கள் நிற்கும் இடம் எப்போதும் வாசலுக்கு வெளியே. வெளியே நின்று அடிப்பவனுக்கு உள்ளே வைக்கும் ஒலிவாங்கி எதற்கு என்ற கேள்வி, ஒலியியலைப் பற்றியது மட்டுமன்று என்பதை நான் உணர்ந்துகொள்ளச் சில காலம் பிடித்தது. பெரஹரவில் முன்செல்லும் கெட்ட பெரயை வாசிக்கும் பெரவா சாதியினருக்கும் சிங்களச் சமூகத்தில் இதையொத்த நிலையே இருந்தது. ஆயினும் கண்டிய நடனம் தேசியக் கலையாக உயர்த்தப்பட்டபோது அந்த மத்தளமும் பாடசாலைக்குள் நுழைந்தது. தப்புக்கு அந்த வாய்ப்பு அவ்வளவு எளிதில் வரவில்லை.

ஒலிபெருக்கியின் கதை வேறொரு திசையிலிருந்து வருகிறது. பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிட்ஹம் ஆகிய இருவர் 1915இல் கலிபோர்னியாவில் அதைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். நம் தோட்டங்களுக்கு அது கோயில் திருவிழாவின் வழியே, மரத்தில் கட்டிய புனல் வடிவில் வந்தது. புனல் மனிதக் குரலைத் தொலைதூரம் கொண்டுசெல்லும். அடித்தொனியை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும். சிறுவயதில் நான் பார்த்த திருவிழாக்களில் பந்தலில் தொங்கிய ஒற்றை ஒலிவாங்கி நாதஸ்வரக்காரரின் முகத்துக்கு நேரே இருக்கும். தவிலின் வலப்பக்கத்து ‘டக்’ ஒலி அதில் ஒருவாறு கேட்கும். இடப்பக்கத்துக் கும்கார ஒலி கேட்கவே கேட்காது. தப்பையும் உறுமியையும் அதனருகே கொண்டுபோனால் தகரத்தைத் தட்டியது போலிருக்கும். ஆகவே ஒலிபெருக்கிக்காரர் தப்பை விலக்கியதற்கு ஒரு நியாயமும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேலைநாட்டு டிரம் செட்டுக்கும் தொடக்கத்தில் இதே கதிதான். 1909இல் லட்விக் சகோதரர்கள் பாதத்தால் அழுத்தி அடிக்கும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின், பலர் செய்த வேலையை ஒருவர் அமர்ந்தபடி செய்வது எளிதாயிற்று. அதுவும் உரத்த கருவிதானே, ஒலிவாங்கி எதற்கு என்றே அங்கும் எண்ணினார்கள். 1965 ஆகஸ்டில் நியூயோர்க் ஷே விளையாட்டரங்கில் 55 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முன் பீட்டில்ஸ் குழுவினர் வாசித்தபோது, ரசிகர்களின் கூச்சலில் இசை மூழ்கிப்போனது. அதே 1965இல்தான் ஷூர் நிறுவனத்தின் எஸ்எம் 57 வெளிவந்தது. அதன் மூலக்கூறை வடிவமைத்த ஏர்னி சீலர் ராக் இசையைச் சற்றும் விரும்பாதவர் என்பர். அவர் செய்த கருவியே உலகின் ஸ்னேர் டிரம்கள் அனைத்தின் அருகிலும் போய் நின்றது. பெரிய டிரம்முக்கு ஆஸ்திரியாவின் ஏகேஜி டி 12 வந்தது. பின்னர் வந்த பெரும் திறந்தவெளி நிகழ்ச்சிகளால் டிரம் செட்டுக்கு ஒலிவாங்கி வைப்பது ஒரு சூத்திரமாக உறுதிப்பட்டது.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. நல்ல ஒலிவாங்கி ஒன்றைக் கைக்கொண்டவர் அதைத் தாலிக்கொடி போலப் பாதுகாத்தார். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் பெருக்கிகளும் ஒலிவாங்கிகளும் வந்து குவிந்தன. மெல்லிசைக் குழுக்களும் பெருகின. கருவிகளோடு சூத்திரமும் வந்தது. பெரிய டிரம்முக்கு இது, ஸ்னேருக்கு இது, தட்டுகளுக்கு இது என்று ஒலிபெருக்கிக்காரர்கள் மனப்பாடம் செய்தார்கள். தப்புக்கு எது என்று அந்தச் சூத்திரத்தில் எங்கும் இருக்கவில்லை. 1979இல் நான் கண்ட அந்த மேடை இவ்வாறு உருவானதுதான்.

அந்த மூத்தவரை மீண்டும் காணவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது அல்லவா? அதன்கீழ் தலைமன்னார்க் கப்பலேறியவர்களுள் அவரும் ஒருவர் எனப் பின்னர் அறிந்தேன். 1983 ஜூலையில் முத்துமாரியம்மன் கோயிலுக்குத் தீ வைக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகள் மாத்தளையில் கலைவிழாவைப் பற்றிப் பேசுவோர் இல்லை.

ஏறத்தாழ முப்பதாண்டுகளின் பின், எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இளைஞர் குழுவொன்றின் ஒத்திகையைப் பார்க்க வாய்த்தது. முதலில் பாடகருக்குரிய ஒலிவாங்கியைத் தண்டில் பொருத்தித் தப்பின் முன்னே நிறுத்தினார்கள். தப்பு ஆடிக்கொண்டே அடிக்கும் கருவி. ஒரு சுற்றுச் சுற்றினால் ஒலிவாங்கி எங்கோ, தப்பு எங்கோ. நெருங்கினால் கும்மென்ற அடித்தொனி பெருகும், விலகினால் ஒலி இளைக்கும். மலிவான கண்டென்சர் ஒலிவாங்கி ஒன்றை மாட்டினார்கள். முதல் அடியிலேயே ஒலி உடைந்து கிழிந்தது.

அக்குழுவில் மின்வேலை தெரிந்த ஓர் இளைஞர் இருந்தார். அவர் கண்டுகொண்டது எளிய செய்தி. தப்பு ஒருபக்கம் மட்டுமே தோல் போர்த்தியது, மறுபக்கம் திறந்திருக்கும். குச்சிகள் இரண்டும் முன்பக்கத்தில் ஓடுகையில் அங்கே எதை வைத்தாலும் அடிபடும். பின்பக்கமோ காலி. வளையத்தைக் கவ்விக்கொள்ளும், உரத்த ஒலியைத் தாங்கும் சிறு ஒலிவாங்கியைத் திறந்த பக்கத்திலிருந்து தோலை நோக்கித் திருப்பினால், ஆடுபவரோடு அதுவும் ஆடும். ஆனால் உட்புறத்தில் கும்காரம் மிகுதி; குச்சி படும் ஓசையின் கூர்மை குறைவு. ஆகவே தலைமைத் தப்புக்கு மட்டும் அதைப் பொருத்தினார். மற்றவர்களுக்கு எஸ்எம் 57 போன்ற இரண்டை இடுப்பளவு உயரத்தில் முன்னே நிறுத்தினார். கருவிக்கும் ஒலிவாங்கிக்கும் இடையே இரண்டடி என்றால், ஒலிவாங்கிகள் இரண்டுக்கும் இடையே ஆறடி. குறைந்தால் ஒன்று மற்றொன்றின் ஒலியைத் தின்றுவிடும். இவ்வகை ஒலிவாங்கி முன்னிருப்பதை வாங்கி, முதுகுப்புறத்தை ஒதுக்கும். அதன் முதுகை ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கம் திருப்பியதும் கீச்சொலி அடங்கியது.

எல்லாம் சரியாக அமைந்தபோது, தப்பைச் சூடேற்றுவதற்காக மூட்டிய தீ அணைந்துகொண்டிருந்தது. ஒலிவாங்கியின் தரத்தைப் போலவே தோலின் சூடும் முக்கியம் என்பதை அன்று எல்லோரும் மறந்திருந்தோம். மீண்டும் வைக்கோல் கொண்டுவந்து எரித்தார்கள்.

2007ஆம் ஆண்டில் இலங்கையின் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது எனப் பணித்தது. ஒலித்தொல்லையால் அவதியுற்றோருக்கு அது நல்ல தீர்ப்பு. காமன் கூத்தோ விடிய விடிய ஆடப்படுவது. அந்த எல்கடுவைக் குழுவினர் ஆடிய கூத்தை அடுத்த மாசியில் பார்த்தேன். பத்து மணியானதும் இளைஞர் பெருக்கியை நிறுத்தினார். வளையத்திலிருந்து சிறு ஒலிவாங்கியைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். ஆட்டம் ஒரு நொடியும் நிற்கவில்லை. பின்னால் நின்ற கூட்டம் பாய்களைச் சுருட்டிக்கொண்டு முன்னே நகர்ந்து, தப்புக்காரர்களைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்தது.