கோப்பிலிருந்து நினைவகத்துக்கு: லுவா நிரலேற்றத்தின் வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

லுவா மொழியை உருவாக்கிய ரோபெர்த்தோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவரும் 2011இல் ஏ.சி.எம். க்யூ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேறொரு மென்பொருளுக்குள் பொதிக்கப்பட வேண்டும் என்ற நோக்கம் லுவாவின் ஒவ்வோர் உறுப்பையும் எப்படி வடிவமைத்தது என்பதே அதன் பொருள். மொழியில் எந்த வசதியைச் சேர்த்தாலும் அது ஸ்கிரிப்டின் பக்கத்திலிருந்தும் சி மொழியின் பக்கத்திலிருந்தும் பயன்பட வேண்டும். சி இடைமுகம் என்ற ஊசிக்காதுக்குள் நுழையாதது லுவாவில் நிலைக்காது என்பது அவர்கள் வாதம். உட்பொதித்தல் பற்றி எழுதுவோர் இன்றும் இக்கட்டுரையிலிருந்தே தொடங்குகிறார்கள். அதன் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடு உண்டு. நிரலை ஏற்றும் செயலை அது விளக்கும் விதத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

மூவரின் விளக்கம் இது. பல மொழிகளில் 'இவால்' என்ற செயற்கூறு உரையை வாங்கி அப்போதே இயக்கிவிடும். லுவாவின் 'லோட்' உரையை வாங்கி ஒரு செயற்கூறாக மாற்றித் தருகிறது. அதை எப்போது அழைப்பது, அழைப்பதா வேண்டாமா என்பது பெற்றவரின் விருப்பம். ஏற்றுதல் வேறு, இயக்குதல் வேறு என்று பிரித்ததால் மொழியின் பொருள்கோள் தெளிவடைந்தது; இரு பக்கங்களும் ஒரே கருவியைப் பயன்படுத்த முடிந்தது.

விளக்கம் சரியானதே. ஆனால் இங்கே கணக்கில் வருவோர் இருவர்தான்: ஸ்கிரிப்ட், அதைத் தாங்கும் மென்பொருள். நிரலை எழுதி அனுப்பும் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். நிரல் வட்டில் கோப்பாக இருந்த காலத்தில் அவரைத் தனியே எண்ண வேண்டிய தேவை குறைவு; கோப்பை அங்கே வைத்தவரே மென்பொருளை நிறுவியவராகவும் இருப்பார். நிரல் வலையிலிருந்தோ தரவுத்தளத்திலிருந்தோ நேரே நினைவகத்துக்கு வரத் தொடங்கியபோது அவர் வேறொருவர் ஆனார். இந்த இடமாற்றத்தை மையமாக வைத்துப் பார்த்தால் வரலாற்றின் திருப்புமுனைகள் வேறு ஆண்டுகளில் விழுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெங்களூரின் வைட்ஃபீல்டில் எபிப் வட்டாரத்திலும் ஐ.டி.பி.எல். வளாகத்திலும் வேலை பார்க்கும் தமிழ் நிரலாளர்கள் பலருக்கு இது ஏட்டளவில் நிற்கும் விவகாரம் அல்ல. சர்வருக்குள் ஓர் இன்டர்பிரட்டரைப் பொதித்து, வாடிக்கையாளர் எழுதிய விதிகளை வட்டைத் தொடாமல் ஏற்றுவது அன்றாடப் பணி. எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் இந்திய மேம்பாட்டு மையத்தின் ஒரு வளாகம் இவ்வட்டாரத்தில் இருக்கிறது. அந்நிறுவனத்தின் ஹானா தரவுத்தளத்தில் எக்ஸ்.எஸ். பகுதியின் முதல் வடிவம் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைத் தரவுத்தளக் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்திருந்தது. நிரலுக்குக் கோப்பு தேவையில்லை என்பது இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை. அதனால்தான் அந்த நிலை எப்படி வந்தது என்பது கேட்கப்படாமல் போகிறது.

1. நீளம் என்ற அளபுரு

லுவாவின் முதல் வடிவம் 1993இல் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் டெக்கிராஃப் குழுவில், பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்துக்கான பணிகளின் ஊடே பிறந்தது. கோப்பை இயக்க ஒரு செயற்கூறும் சரத்தை இயக்க ஒரு செயற்கூறும் தொடக்கத்திலேயே இருந்தன. ஆகவே நினைவகத்திலிருந்து நிரலை இயக்குவது லுவாவுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த வசதி அன்று.

1996இல் வந்த 2.4ஆம் பதிப்பு 'லுவாக்' என்ற தனி மொழிபெயர்ப்பியைக் கொண்டுவந்தது. நிரலை முன்கூட்டியே பைட்கோடாக்கிச் சேமித்துவைக்க முடிந்தது. இந்தப் பைட்கோடைச் சரமாகக் கொடுத்து இயக்க வழியில்லை. சி மொழியின் சரம் சுழிய பைட்டில் முடிந்துவிடும். பைட்கோடுக்குள்ளோ சுழியங்கள் மலிந்திருக்கும்.

3.2ஆம் பதிப்பின் (1999) கையேட்டில் கோப்பு, சரம் இரண்டோடு 'லுவா_டூபஃபர்' என்ற மூன்றாவது செயற்கூறும் இருக்கிறது. அது மூன்று அளபுருக்களை ஏற்கிறது: நினைவக முகவரி, நீளம், நிரல்துண்டின் பெயர். சரத்தை இயக்கும் செயற்கூறு அப்பதிப்பில் சரத்தின் நீளத்தை அளந்து இதையே அழைக்கிறது. நான் முதல் திருப்புமுனை என்று கருதுவது இதைத்தான். நீளம் தனி அளபுருவாக வந்ததும் சுழியம் தடையாக இல்லாமல் போயிற்று. உரை மட்டுமே நுழைந்த நினைவக வழியில் பைட்கோடும் நுழைய முடிந்தது. மூவரும் முதன்மை தரும் பிரிவினை 5.0ஆம் பதிப்பில் (2003) 'லுவா_லோட்' வந்தபோது முழுமை பெறுகிறது. ஆனால் ஏற்றப்படுவது எது என்ற கேள்வி அதற்கு முன்பே பிறந்துவிட்டது.

'லுவா_லோட்' அக்கேள்வியைத் தீர்க்கவில்லை. அது நிரலைத் துண்டு துண்டாகப் படித்துத் தரும் ஒரு வாசிப்புச் செயற்கூறை வாங்கிக்கொள்கிறது. ஆகவே நிரல் சுருக்கிய கோப்பிலிருந்தும் வரலாம், வலை இணைப்பிலிருந்தும் வரலாம். 5.1ஆம் பதிப்பின் (2006) மூலநிரலைப் பார்த்தால், வந்தது உரையா பைட்கோடா என்பதை முதல் பைட் ஒன்றே முடிவுசெய்கிறது. அது 27 என்ற எஸ்கேப் குறியானால் பைட்கோடு. வேறு எதுவானாலும் உரை. தாங்கும் மென்பொருளை யாரும் கேட்பதில்லை. ஏற்றுதலும் இயக்குதலும் பிரிந்தன. அடையாளம் காணுதலும் ஏற்றுதலும் ஒட்டியே இருந்தன. 2011 கட்டுரையின் வாசிப்பில் நான் காணும் குறை இதுதான்: பிரிக்கப்பட்ட இடத்தை அது சரியாகக் காட்டுகிறது, பிரிக்கப்படாமல் விட்ட இடத்துக்கு உரிய எடை தரவில்லை.

இது லுவாவின் தனித் தேர்வு என்பதைப் பைத்தானோடு ஒப்பிட்டால் அறியலாம். பைத்தானைப் பொதிப்பவர் உரையை மொழிபெயர்க்க ஒரு செயற்கூறையும், மொழிபெயர்த்து வைத்த நிரலை மீட்க 'மார்ஷல்' என்ற வேறொரு தொகுதியையும் நாட வேண்டும். எதை ஏற்றுகிறோம் என்பதை அழைப்பவரே சொல்லியாக வேண்டும். மார்ஷல் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருளில்லை. பொறுப்பு யாருடையது என்பது அங்கே தெளிவு.

2. ஸ்கிரிபுன்டோவின் ஒரு வரி

விக்கிமீடியா தளங்களில் லுவாவை இயக்கும் நீட்சி ஸ்கிரிபுன்டோ. 2013இல் விக்கிப்பீடியாக்களில் அது செயலுக்கு வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவின் தகவற்பெட்டிகள் பலவற்றின் பின்னால் இயங்குவதும் அதுவே. அங்கே நிரல் ஒரு விக்கிப் பக்கம். தரவுத்தளத்திலிருந்து உரையாக எடுக்கப்பட்டு, கோப்பு எதுவும் இல்லாமல், லுவா 5.1இல் ஏற்றப்படுகிறது. எழுதியவர் யாராகவும் இருக்கலாம்.

அந்நீட்சியின் இரு இயக்கிகளில் ஒன்று லுவாவைத் தனிச் செயல்முறையாக வைத்து அதனோடு செய்திகள் பரிமாறுகிறது. அதன் லுவாப் பக்க நிரலில், உரையை ஏற்றக் கோரும் செய்தியைக் கையாளும் செயற்கூறின் முதல் வேலை ஒரு தேடல். வந்த உரையில் எஸ்கேப் பைட்டும் அதைத் தொடர்ந்து 'லுவா' என்ற பெயரின் மூன்று ரோமன் எழுத்துகளும் சேர்ந்து எங்கேனும் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. இருந்தால், பைட்கோடுக் குறி உள்ள நிரலை ஏற்ற முடியாது என்ற பிழையைத் திருப்புகிறது. லுவாவின் சி மூலத்தில் இக்குறி எட்டடிமான முறையில் 033 என எழுதப்பட்டிருக்கிறது. இங்கே பதின்ம முறையில் 27. வடிவம் வேறு, பைட் ஒன்றே.

'எங்கேனும்' என்பதில்தான் சிக்கல். நினைவகத்திலிருந்து ஏற்றும்போது 5.1 பார்ப்பது முதல் பைட்டை மட்டுமே. உரையின் நடுவில் இக்குறி வந்தால் தீங்கில்லை. பின் ஏன் முழு உரையிலும் தேட வேண்டும்? தொகுதியின் நடுவே ஒளித்துவைத்த பைட்கோடைப் பின்னர் ஏற்றிவிடக்கூடும் என்ற அச்சம் காரணமாகாது. உரையை ஏற்றும் செயற்கூறுகள் தொகுதி எழுதுவோருக்குத் தரப்படுவதே இல்லை. மேலும், தொகுப்புப் பெட்டி வழியாக வரும் உரையில் இத்தகைய கட்டுப்பாட்டுக் குறிகளை மீடியாவிக்கி முன்கூட்டியே மாற்றீட்டுக் குறியாக்கிவிடுகிறது. வழக்கமான வழியில் இந்தப் பைட் இந்த வரிக்கு வந்து சேரவே வாய்ப்பில்லை.

என் கருத்து இது: இந்த முழுத் தேடல் கோப்பு ஏற்றத்தின் பழக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். 5.1இல் கோப்பை ஏற்றும் செயற்கூறு முதல் வரி '#' குறியில் தொடங்கினால் அவ்வரியைத் தாண்டிச் சென்று அதன் பிறகே பைட்கோடுக் குறியைத் தேடும். கோப்பில் குறி முதல் பைட்டாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கோப்பை மனத்தில் கொண்ட ஒருவர் நினைவக வழிக்குக் காவல் எழுதினால் முழு உரையையும் தேடுவது இயல்பு. வெறும் முன்னெச்சரிக்கை என்றும் இதை விளக்கலாம். நிரலின் வரியிலிருந்து மட்டும் இரண்டில் ஒன்றை உறுதியாக விலக்க முடியாது. எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று மாறவில்லை. இவ்வரி மூன்றாமவரைக் கண்ட ஒருவர் எழுதியது. 5.1இன் இடைமுகம் கேட்காமல் விட்ட கேள்வியை ஸ்கிரிபுன்டோ வெளியிலிருந்து கேட்கிறது.

தமிழ் உரைக்கு இத்தேடலால் இடையூறு இல்லை. 'க' யூ.டி.எஃப்-8இல் 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகள். தமிழ் எழுத்துகளின் பைட்டுகள் யாவும் 128 அல்லது அதற்கு மேற்பட்டவை. 27 அவற்றில் வராது. வேறொரு இடத்தில் தமிழுக்குத் தொல்லை உண்டு. பிழைச்செய்தியில் காட்டும் நிரல்துண்டுப் பெயருக்கு 5.1 இயல்பாக ஒதுக்கும் இடம் 60 பைட், முடிவுச் சுழியம் உட்பட. '=' குறியோடு தரும் பெயர் அதைவிட நீண்டால் 59ஆம் பைட்டில் வெட்டுப்படும். முழுதும் தமிழான பெயரில் 19 குறியீடுகள் 57 பைட்டை நிரப்பிவிட, இருபதாவதன் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் ஒட்டி நிற்கும். பெயரின் கடைசி எழுத்து சிதைந்து தெரியும். கோப்பு வழிக்கும் நினைவக வழிக்கும் உள்ள வேறுபாடும் நம்மைத் தொடுவதே. 5.2 முதல் கோப்பை ஏற்றும் செயற்கூறு, உரையின் தலையில் சில எடிட்டர்கள் சேர்க்கும் 239, 187, 191 என்ற யூ.டி.எஃப்-8 குறியைத் தாண்டிச் செல்கிறது. நினைவக வழியில் அச்சலுகை இல்லை. அதே உரை அங்கே தொடரியல் பிழையாகும்.

3. ரெடிஸ் தரும் எதிர்ச்சான்று

ரெடிஸ் தரவுத்தளம் 2.6ஆம் பதிப்பில் (2012) ஸ்கிரிப்டை வலை வழியே வாங்கி லுவா 5.1இல் இயக்கத் தொடங்கியது. அது உரையை அப்படியே ஏற்றவில்லை. உரைக்கு ஷா-1 முறையில் 40 எழுத்துக் குறி கணித்து, அதைப் பெயரில் கொண்ட செயற்கூறு ஒன்றின் தொடக்கத்தை உரைக்கு முன்னும் முடிவைப் பின்னும் ஒட்டி, அந்த முழுமையை ஏற்றியது. ஆகவே முதல் பைட் எப்போதும் ரெடிஸ் எழுதியது. அனுப்புபவர் பைட்கோடு அனுப்பினாலும் அது முதலிடத்துக்கு வராது. நிரல்துண்டுக்கு அது பின்னர் தந்த பெயரின் முதல் எழுத்து '@'. லுவாவில் '@' கோப்புப் பெயருக்கான அடையாளம். கோப்பே இல்லாத ஒன்றுக்கு அது சூட்டப்பட்டிருக்கிறது. ஸ்கிரிபுன்டோ தொகுதிகளுக்கு '=' வைக்கிறது.

இந்த ஒட்டுவேலையைக் காவல் என்று படிக்கலாமா? முடியாது என்பேன். காவலாக எண்ணியிருந்தால் ஸ்கிரிப்டுக்கு உள்ளே லுவாவின் சொந்த உரையேற்றிச் செயற்கூறைத் திறந்து விட்டிருக்க மாட்டார்கள். அதன் வழியே பைட்கோடு நுழைய முடிந்தது, சி.வி.இ-2015-4335 என்று பதிவான பாதுகாப்புக் குறைபாடு அதுவே. 5.1இல் பைட்கோடைச் சரிபார்க்கும் பகுதி இருந்தும் அது தடுக்கவில்லை. 2015இல் 2.8.21, 3.0.2 வெளியீடுகளில் திருத்தம் வந்தது. ரெடிஸோடு வரும் லுவா மூலநிரலில் முதல் பைட்டைப் பார்த்துக் கிளை பிரியும் வரி எடுக்கப்பட்டு, எது வந்தாலும் உரையாகவே படிக்கும் ஒரே வழி விடப்பட்டது.

ஒரே குறையை ஒருவர் வெளியிலிருந்து தேடிப் பிடித்தார். மற்றவர் இன்டர்பிரட்டரின் உள்ளேயே வெட்டினார். இருவரும் கையாண்டது 5.1. இரண்டு திருத்தங்களும் ஒட்டியிருந்த அதே இடத்தைத்தான் பிரிக்கின்றன.

4. முடிவும் மிச்சமும்

அடையாளம் காணுதலை ஏற்றுதலிலிருந்து லுவா தானே பிரித்தது 5.2இல், 2011 டிசம்பரில். ஏற்றும் செயற்கூறுகளுக்கு 'மோட்' என்ற அளபுரு வந்தது: உரை மட்டும், பைட்கோடு மட்டும், இரண்டும். அதே பதிப்பில் பைட்கோடுச் சரிபார்ப்பு நீக்கப்பட்டது. நம்பத்தகாத பைட்கோடை ஏற்றுவது பாதுகாப்பற்றதாக இருக்கக்கூடும் என்று கையேடு வெளிப்படையாக எச்சரித்தது. சரிபார்த்துவிடுவோம் என்ற வாக்குறுதி போய், நீங்களே முடிவு செய்யுங்கள் என்ற பொறுப்பு வந்தது. இதையே நான் இரண்டாவது திருப்புமுனை என்பேன். மூவரின் கட்டுரையும் அந்த 2011ஐச் சேர்ந்தது என்பதால் இதை அதில் எதிர்பார்ப்பது நியாயமாகாது என்று ஒருவர் சொல்லலாம். அந்த அளவுக்கு என் மறுப்பு தளர வேண்டியதுதான். ஆனால் அக்கட்டுரையை முடிந்த வரலாறாக இன்று மேற்கோள் காட்டுவோருக்கு அது முழுமையாகப் பொருந்தும்.

மாற்றமும் அரைகுறையாகவே நிற்கிறது. நினைவகத்திலிருந்து ஏற்றும் 'லுவாஎல்_லோட்பஃபர்' என்ற பழைய பெயர் 5.2 முதல் ஒரு மேக்ரோவாக மட்டும் நீடிக்கிறது, 5.4இலும் (2020) அப்படியே. அது 'மோட்' ஏற்கும் புதிய செயற்கூறை அழைக்கும்போது அவ்விடத்தை வெறுமையாக விடுகிறது. வெறுமை என்றால் இரண்டும் செல்லும். எனவே 5.1 காலத்து நிரலை 5.4க்குக் கொண்டுவந்து, பெயரை மாற்றாமல், வலையிலிருந்து வந்த ஸ்கிரிப்டை ஏற்றும் மென்பொருள் இன்னும் முதல் பைட்டையே நம்புகிறது. பழைய சரிபார்ப்பும் இப்போது இல்லை. வைட்ஃபீல்ட் அலுவலகங்களில் இத்தகைய நிரலைப் பராமரிப்பவர்கள் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது இந்தப் பெயரை. அது நிற்கும் ஒவ்வோர் இடத்திலும், அனுப்புபவர் வெளியாளாக இருந்தால், உரை மட்டும் என்று எழுதிவைக்க வேண்டும்.