கட்புல லேசர்ச் செய்தித்தொடர்பு

கண்ணுக்குப் புலனாகும் லேசர்க் கிரணத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஏற்றியும் தணித்தும், அத்துடிப்புகளை எதிர்முனையில் ஒளியுணர் டயோடு ஒன்று மின்சாரமாக்கும்படி அமைத்தும், கம்பியின் துணையின்றிச் செய்தி அனுப்பும் முறை. இதன் பூர்வ சரித்திரம் லேசருக்கும் முந்தியது. 1880-இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல், குரலால் அதிரும் கண்ணாடியில் சூரிய கிரணத்தைத் தெறிக்கச் செய்து, வாஷிங்டனில் 213 மீட்டர் தூரத்துக்குப் பேச்சை அனுப்பினார். தொலைபேசியினும் இதையே அவர் உயர்வாக மதித்தாராயினும், மேகத்தின் அனுமதி பெற்றுப் பேச வேண்டிய கருவியை உலகம் ஏற்கவில்லை. 1960-இல் மெய்மன் மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். 1962-இல் ஹீலியம்-நியான் குழாயின் சிவப்புக் கிரணம் தோன்றியது. பாரதத்தின் முதல் லேசர் 1964-இல் டிராம்பே அணுசக்தி நிலையத்தில் உருவாயிற்று; அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு வகையைச் சேர்ந்தது.

காற்று வெளியில் இம்முறையின் பயன் சொற்பமே. பனியும் மழையும் அதற்குச் சத்துருக்கள். மேலும், ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழை வந்தபின் அதன் தேவையும் குறைந்தது. ஆனால் வானொலி அலை தோற்கும் இடமொன்று உண்டு, அது சமுத்திரம்.

அத்தோல்வியின் அளவைத் திருநெல்வேலிச் சீமையிலேயே காணலாம். தாமிரபரணிக்குத் தெற்கே, வானம் பார்த்த வறண்ட பூமியான விஜயநாராயணத்தில், கட்டபொம்மன் பெயர் தாங்கிய கடற்படை நிலையம் 1990 முதல் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பி வருகிறது. அதன் கம்பங்கள் சுமார் 471 மீட்டர் உயரமுள்ளவை; அது அனுப்பும் வானொலி அலையின் நீளமோ பல கிலோமீட்டர். இத்தனை பிரம்மாண்டமான ஏற்பாட்டுக்குப் பின்னும், அவ்வலை உப்புநீருக்குள் சில பத்து மீட்டர் ஆழமே இறங்கும், தந்தியைப் போல நிதானமாகவே சொல்லும், குரலைச் சுமக்காது, நீர்மூழ்கியும் அதே வழியில் மறுமொழி கூற இயலாது.

நீலமும் பச்சையுமான ஒளி மட்டுமே கடல்நீரைப் பிற நிறங்களைவிட நன்றாக ஊடுருவும் என்பது 1960-களிலேயே ஆராய்ந்து அறியப்பட்டது. 1990-களின் நடுவில் ஜப்பானின் நகாமுரா நீல லேசர் டயோடை உருவாக்கியபின், அவ்வறிவு கைக்கு அடக்கமான சாதனமாயிற்று. தெளிந்த ஆழ்கடலில் நீலம் சிறக்கும். வண்டலும் நுண்ணுயிரும் மிகுந்த கரையோரத்தில் பச்சையே மேல். தாமிரபரணியின் புன்னைக்காயல் முகத்துவாரம் போன்ற கலங்கல் நீரில் எந்த நிறமும் வெகு தூரம் செல்லாது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பை மாசி, பங்குனியின் அமைதியான நாட்களுக்கு ஒதுக்கிய பரதவர், கருவியேதுமின்றியே கடலின் தெளிவைக் கணித்தவர்கள் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

ஒளி, நீருக்குள் விரைந்து பேசினும் அருகிலேயே பேசும். பத்து மீட்டர் முதல் நூறு, இருநூறு மீட்டர் வரையே அதன் ஆட்சி. மெல்லிய கிரணமாதலால், அலையில் அசையும் இரு முனைகளையும் ஒன்றையொன்று நோக்கி நிறுத்துவதே பெரும் பாடு. ஆகவே கடலடி உணர்கருவிகள் சேர்த்துவைத்த தகவல்களை, அருகே வந்து நிற்கும் ஆளில்லா ஊர்தி வாங்கிச் செல்லும் பணியில்தான் இன்று அது முக்கியமாகப் பரீட்சிக்கப்படுகிறது.