'க்ளார்க்' என்கிற வார்த்தை

'குமாஸ்தா மனோபாவம்' என்பது நம் இலக்கிய வட்டாரங்களில் அடிக்கடி கேட்கிற வசை. கற்பனை இல்லாதவன், சொன்னதை எழுதுகிறவன் என்று அர்த்தம். அதற்கு இணையான ஆங்கில வார்த்தையான 'க்ளார்க்' ஒரு காலத்தில் இதற்கு நேர் எதிரான பொருளில் வழங்கியது என்பது வசைபாடுகிறவர்கள் பலரின் கவனத்துக்கு வருவதில்லை.

மதகுருவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது இது. மத்தியகால இங்கிலாந்தில் எழுத்து பெரும்பாலும் திருச்சபையின் வசம் இருந்ததால், படிக்கத் தெரிந்தவன் எவனும் க்ளார்க் எனப்பட்டான். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாஸர் 'கேன்டர்பரி கதைக'ளில் காட்டுகிற ஆக்ஸ்ஃபோர்டு க்ளார்க் ஒரு மாணவன். நைந்த மேலங்கி, மெலிந்த குதிரை. பகட்டான உடைகளைவிடத் தலைமாட்டில் இருபது புத்தகங்கள் இருப்பதை விரும்புகிறவன்.

படிப்புக்கு உயிரின் மதிப்பும் இருந்தது. மதகுருக்களுக்குத் தூக்கிலிருந்து விலக்கு அளித்த சட்டச் சலுகை, நாளடைவில் படிக்கத் தெரிந்த சாமானியனுக்கும் நீண்டது. பரீட்சை எளிது: வழக்கமாக, பைபிளின் 51-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குக் 'கழுத்து வசனம்' என்றே பெயர். நெட்டுருப் போட்டு ஒப்பித்துத் தப்பியவர்களும் உண்டு. நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598-ல் ஒரு நடிகரைச் சண்டையில் கொன்றுவிட்டு இந்தச் சலுகையால்தான் பிழைத்தார். கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். வாசிப்புப் பரீட்சை 1706-ல் கைவிடப்பட்டது. சலுகையே 1827-ல் ஒழிந்தது.

அதற்குள் வார்த்தையும் இறங்கிவிட்டது. படித்தவர்கள் பெருக, படிப்பு சம்பளத்துக்குக் கிடைக்கிற சரக்காயிற்று. கட்டுரையாளர் சார்ல்ஸ் லாம் 1792 முதல் 1825 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் க்ளார்க். 1853-ல் மெல்வில் படைத்த பார்ட்டில்பி, வக்கீல் அலுவலகத்தில் நகலெடுப்பவன். ஒருநாள் நகலெடுக்கவே மறுத்துவிடுகிறான். இன்று அமெரிக்காவில் 'க்ளெர்க்' என்று உச்சரித்துக் கடைச் சிப்பந்தியையும் அப்படி அழைக்கிறார்கள். பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போன்ற சில இடங்களில் மட்டும் அது உயர்ந்த பதவியின் பெயராக எஞ்சியிருக்கிறது.

இன்னொரு வார்த்தைக்கும் இதே கதிதான். கம்பெனி உத்தியோகத்தின் அடிமட்டப் பதவிக்கு 'ரைட்டர்' என்று பெயர். 1744-ல் சென்னைக்கு வந்து சேர்ந்த ராபர்ட் க்ளைவ் அப்படி வந்தவர்தான். நம் போலீஸ் ஸ்டேஷனில் இன்றும் 'ரைட்டர்' என்றால் வழக்கு விவரங்களை எழுதுகிறவர்; நாவலாசிரியர் அல்ல.

இதை வீழ்ச்சி என்று புலம்புவதில் எனக்குச் சம்மதமில்லை. க்ளார்க் அறிஞனாக இருந்த காலத்தில், எழுத்தறியாதவன் அதே குற்றத்துக்குத் தூக்கில் தொங்கினான். வார்த்தையின் பழைய கௌரவம் பிறருக்கு எழுத்து மறுக்கப்பட்டதால் வந்த கௌரவம். எழுத்து பரவியபோது அது குறைந்தது, குறைந்ததே நியாயம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒருவன் எந்த மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறான் என்பதல்ல, எழுதுவது யாருடைய வாக்கியத்தை என்பது. லாம் பகலில் கம்பெனியின் கணக்கை எழுதினார்; கட்டுரைகளை எழுதியதும் அதே கைதான். வேறு மொழிகளின் விமர்சனத்தை நகலெடுத்துத் தமிழில் பெயர் வாங்குகிறவர்கள் எந்த ஆபீஸிலும் வேலை பார்க்காமலே குமாஸ்தாக்கள்.