வாசற்படியில் ஏறப்போவது யார்? உடுப்பிட்டி வீடுகளின் முகப்பும் மாடிப்படியும்

உடுப்பிட்டியில் இப்போது எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் ஏதோவொரு வீட்டு வாசலில் வேலை நடக்கிறது. யூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருமுன் முகப்பை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வற்சப்பில் படங்கள் வருகின்றன. கறுப்புக் கிரனைற் படி, பளபளக்கும் கைப்பிடி, தானாகத் திறக்கும் கேற். மேசன்மார் அதைப் பார்த்துச் செய்கிறார்கள். வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படியில் தினமும் ஏறி இறங்கப்போவது யார் என்று கேட்பவர்கள் குறைவு. பல வீடுகளில் ஆண்டு முழுவதும் இருப்பது எழுபது கடந்த ஒரு தாயோ தகப்பனோதான். சில வீடுகளில் ஷெல்லிலோ மிதிவெடியிலோ காலை இழந்த ஒருவர் இருக்கிறார்.

என் அம்மம்மாவின் வீட்டு முகப்பைத் திருத்தும் பொறுப்பு சென்ற வருடம் என்னிடம் வந்தது. அதற்காக மேசன்மாரோடும் தச்சரோடும் நின்று அறிந்துகொண்டவையும், வடமராட்சியின் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்த்தவையும் இங்கே.

எங்கள் பக்கத்துப் பழைய வீட்டின் முகப்பு வெறும் அலங்காரமாகக் கட்டப்பட்டதல்ல. வளவின் எல்லையிலேயே அது தொடங்கிவிடும். சில வீடுகளில் படலைக்கு மேலே சிறு கூரை போட்டு, இரு பக்கமும் திண்ணை கட்டி, குடிதண்ணீர்ப் பானையும் வைத்திருப்பார்கள். அதுதான் சங்கடப்படலை. வழிப்போக்கரின் சங்கடம் தீர்ப்பதால் அந்தப் பெயர் என்று சொல்வோர் உண்டு. உள்ளே முற்றம், பிறகு தலைவாசல், திண்ணை, விறாந்தை, கடைசியில்தான் நிலைக்கதவு. வருகிறவர் எந்த இடத்தில் நிற்பார், எந்த இடத்தில் இருப்பார் என்பதற்கெல்லாம் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இதே எண்ணத்தை ஒரு தெருவின் அளவில் பார்க்க விரும்புபவர்கள் பருத்தித்துறையில் உள்ள தெருமூடி மடத்துக்குப் போகலாம். கற்றூண்கள் தாங்கும் கூரை வீதிக்கு மேலால் போகிறது. வீதியின் இரு புறமும் உயர்ந்த திண்ணைகள். நடுவால் வாகனம் போகும், ஓரத்தில் ஆள் இருந்து களைப்பாறலாம். சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், கேணி எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

திண்ணையைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் அதில் இருக்க முடியவில்லை. சாதியின் பெயரால் முற்றத்தோடு நிறுத்தப்பட்டவர்கள், படலைக்கு வெளியே நின்று கதைத்துவிட்டுப் போனவர்கள் இதே ஊர்களில்தான் வாழ்ந்தார்கள். 1966 ஒக்ரோபர் 21 சுன்னாகத்து ஊர்வலமும், 1968 மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டமும் வாசல்களைப் பற்றியவைதான். இன்று பழைய பாணியில் திண்ணை கட்டுகிறவர்கள் அந்தப் பாணியோடு அந்த வழக்கத்தையும் சேர்த்துக் கட்டவில்லை என்றால் நல்லது.

போர் இந்த முகப்புகளை வேறு வேலைக்கு எடுத்தது. 1987 மே 26 அன்று வடமராட்சியில் ‘ஒப்பரேசன் லிபரேசன்’ தொடங்கியபோது வீடுகளைப் பூட்டிவிட்டுச் சனம் கோயில்களுக்கு ஓடியது. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, ஒரு பகுதியினர் வடமராட்சிக்கும் வந்தார்கள். அந்த மாரியில் எங்கள் விறாந்தையில் மூன்று குடும்பங்கள் இருந்தன. சீலை கட்டிப் பிரித்த பகுதிகளில் ஆளுக்கொரு அடுப்பு. திண்ணை நீளமாக இருந்த வீடுகளில் அதிகம் பேர் தங்கினார்கள். அகலம் குறைந்த வீடுகளில் முற்றத்தில் கிடுகு இறக்கினார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. வீட்டுக்கு நீண்ட விறாந்தை எதற்கு என்று அதன் பிறகு நான் யாரிடமும் கேட்டதில்லை.

பின்னர் கதவுகள் காணாமல் போயின. ஆளில்லாத வீடுகளில் நிலையும் யன்னலும் வளையும் கழற்றப்பட்டன. திரும்பி வந்தவர்கள் முதலில் செய்தது வாசலை அடைப்பது. கிடுகு வேலியும் கதியாலும் நின்ற இடத்தில் ஆளுயர மதில் எழுந்தது. தகரம் அடித்த கேற் வந்தது. 2011 ஓகஸ்ட் மாதம் கிறீஸ் பூதப் பயம் பரவி, நாவாந்துறை வரை கலவரமானபோது இன்னும் இரண்டு வரி கல் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று கேற்றை மாற்றுகிறவர்கள் முழுத் தகரத்துக்குப் பதில் கண் மட்டத்தில் கம்பி விட்டுச் செய்யலாம். தனியே இருக்கும் ஒரு முதியவர் முற்றத்தில் விழுந்து கிடந்தால், ஒழுங்கையால் போகிறவர் காண வேண்டும். கேற்றுக்கு வெளியே மதிலோடு சேர்த்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சிறு இருக்கை கட்டச் சில வரி கல்லும் அரைப் பை சீமெந்தும் போதும். பேருந்துக்கு நடக்கிறவர்கள் அதில் இருப்பார்கள்.

இனி சுவர். பழைய வீட்டுச் சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அது நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசி, பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். இரண்டு மாரி கழிய உப்புப் பூத்து, பெயின்ற் கொப்பளித்து, பூச்சுத் தகடாக விழும். கடற்காற்று உள்ள ஊரில் இது இன்னும் விரைவு. பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் ஏற்றது. நீற்றிய சுண்ணாம்பைச் சில நாள் ஊறவிட்டு, வடித்து, மெல்லியதாக மூன்று தரம் அடிக்க வேண்டும். கொஞ்சம் நீலம் சேர்த்தால் வெள்ளை எடுப்பாக இருக்கும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 நெருக்கடியில் சீமெந்து விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியபோதுதான் பலருக்குச் சுண்ணாம்பின் நினைவு திரும்பியது.

தூணிலும் சுவரிலும் சன்னம் பட்ட துளைகள் இருந்தால், அதே சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கலாம். அடைக்காமல் விடுகிறவர்களும் உண்டு. அது அந்த வீட்டார் முடிவு. அதைப் பற்றி மேசனோ பெயின்ற்காரரோ சொல்ல ஒன்றுமில்லை.

கதவு தப்பியிருந்தால் அதைக் கழிக்க வேண்டாம். தேக்கோ முதிரையோ இன்று அந்தக் கனத்தில் வாங்க முடியாது. சீவுளி போடுமுன் ஒரு காந்தத்தைப் பலகை முழுவதும் நகர்த்திப் பாருங்கள். ஷெல் சன்னம் மரத்துக்குள் புதைந்து, மேலே பெயின்ற் மூடியிருக்கும். சீவுளி அலகு உடைவது மட்டுமல்ல, தெறித்தால் கண் போய்விடும். பழைய எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி உரசித் தூசி கிளப்பாமல் நனைத்துச் சுரண்டுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய் இரண்டு தரம் பூசினாலே மரம் நிறம் காட்டும். கேற்றுத் தூணுக்குக் கிடங்கு வெட்டும்போது இனம் தெரியாத இரும்பு எதுவும் தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். தொடாமல் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். எத்தனை வருடம் கழிந்தாலும் இது மாறாது.

படிக்கு வருவோம். நான் அதிக நாள் மினக்கெட்டது இதில்தான்.

எங்கள் பழைய வீடுகள் நிலத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் நிற்கும். மாரி வெள்ளத்துக்கு அது தேவை. ஆனால் அந்த உயரத்தை இரண்டே படியில் ஏறவைத்திருப்பார்கள். ஒரு படி ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குலம். இளைஞனுக்கு அது ஒன்றுமில்லை. முழங்கால் தேய்ந்த தாய்க்கு அது மலை. வசதியான படி ஆறு அங்குல உயரமும் பன்னிரண்டு அங்குல மிதியும். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் புளொண்டெல் சொன்ன கணக்கு இன்றும் உலகெங்கும் பாவனையில் இருக்கிறது. இரண்டு படி உயரத்தையும் ஒரு மிதியையும் கூட்டினால் ஏறத்தாழ 24, 25 அங்குலம் வர வேண்டும். மனிதரின் ஓர் எட்டு அவ்வளவுதான். எங்கள் மேசன்மார் இதற்கு மேலால் இன்னொரு கணக்கும் பார்ப்பார்கள். லாபம், நட்டம் என்று எண்ணி லாபத்தில் முடிக்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதில்லை. ஒற்றை எண்ணில் படி வைத்து, உயரத்தைச் சமமாகப் பங்கிட்டால் போதும்.

சமமாக என்பது முக்கியம். பழைய படிக்கு மேலே ரைல்ஸ் ஒட்டும்போது அடிப்படியும் மேற்படியும் மாறிவிடும். மிதிகள் எல்லாம் ஓர் அங்குலம் உயர, கீழ் நிலம் உயராமல் நிற்கும். முதற்படி ஏழு அங்குலம், கடைசிப் படி ஐந்து. கால் பழகிய உயரத்தை எதிர்பார்க்கும், அங்கேதான் தடக்கி விழுவது. மினுங்கும் ரைல்ஸையும் மெருகிட்ட கிரனைற்றையும் வெளிப்படிக்குப் போடாதீர்கள். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை அது ஈரமாகவே இருக்கும். சொரசொரப்பான ரைல்ஸ் இருக்கிறது, அல்லது வெறும் சீமெந்தில் ஈர்க்குத் தும்புத்தடியால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் அதைவிடப் பிடிப்பு வேறெதிலும் இல்லை. உள்ளே பழைய சிவப்புச் சீமெந்து நிலம் நன்றாக இருந்தால் அதை மூடாதீர்கள். அசிட் ஊற்றாமல் கழுவி, மெழுகு போட்டுத் தேய்த்தால் ஒரு வாரத்தில் முகம் தெரியும்.

செயற்கைக் கால் போட்டவருக்குப் படியில் சில தனித் தேவைகள் உண்டு. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது செயற்கைக் கால் முன்னே. ஏறும்போது வலப்பக்கம் இருந்த கைப்பிடி இறங்கும்போது இடப்பக்கம் வந்துவிடும். அதனால் கைப்பிடி இரு பக்கமும் வேண்டும். உயரம் மூன்று அடிக்குச் சற்றுக் குறைவாக, கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் உருண்டைக் குழாயாக இருக்கட்டும். அலங்காரத்துக்காகப் படி விளிம்பை வெளியே நீட்டிவிடுவார்கள், அதில் செயற்கைக் காலின் நுனி மாட்டும். விளிம்பு நேராகவே இறங்கட்டும்.

சக்கர நாற்காலிக்குச் சரிவு பாதை. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். வீட்டு உயரம் இரண்டு அடி என்றால் 24 அடி நீளம் தேவை. இதைக் கேட்டதும் எல்லோரும் மலைத்துவிடுகிறார்கள். ஆறடியில் ஒரு சரிவைப் போட்டுவிட்டு, தள்ள ஆள் வேண்டும் என்கிறார்கள். அது மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் உதவும். எங்கள் வளவுகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கேற்றிலிருந்து வாசல் வரைக்கும் உள்ள பாதையையே மெல்ல மெல்ல மண் போட்டு உயர்த்தினால், இருபது அடிக்கு ஓர் அடி என்ற அளவில், அது சரிவு பாதை என்றே தெரியாது. இரு பக்கமும் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வைக்கலாம். அகலம் மூன்று அடிக்குக் குறையக்கூடாது. கதவுக்கு முன்னால் ஐந்தடிச் சமதளம் வேண்டும், நாற்காலி திரும்ப. 1996இன் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2006இல் வந்த அணுகல் ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களை நோக்கியவை. சொந்த வீட்டுக்கு யாரும் வந்து அளக்கமாட்டார்கள். நாங்கள்தான் அளக்க வேண்டும்.

மாடிப்படி பற்றி ஒரு விடயம். மொட்டை மாடிக்குப் போய், அங்கே எதுவுமில்லாமல் முடியும் படிகள் ஊரில் எத்தனை. மகன் வந்து மேலே கட்டுவான் என்று தூண் கம்பிகளை நான்கைந்து அடி நீட்டி விட்டிருக்கிறார்கள். மகன் அங்கே வீடு வாங்கி, அவன் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். கம்பி துருப்பிடித்து வீங்கி, கீழே உள்ள கொங்கிறீற்றையும் வெடிக்கவைக்கிறது. அப்படியான வீடு என்றால், துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சீமெந்துப் பால் பூசி, மெல்லிய கொங்கிறீற்றால் மூடிவிடுங்கள். கட்டுகிற நாள் வந்தால் உடைத்து எடுக்கலாம். மழைநீர் படிவழியே வீட்டுக்குள் இறங்காமல் மேலே ஒரு தகரக் கூரை. இந்தக் கடற்காற்றில் 304 தர ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலும் தேநீர்க் கறைபோல நிறம் மாறும். 316 வாங்குங்கள், அல்லது மரக் கைப்பிடி போடுங்கள்.

முகப்பு வேலை முடிந்ததும் கடைசியில் வருவது படங்கள். கதவுக்கு நேரே உள்ள சுவரில் சாமிப் படம், பட்டமளிப்புப் படம், மாலை போட்ட படம். சில வீடுகளில் மாலை போடாத ஒரு படமும் இருக்கும். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தொடர்ந்து இருந்த தாய்மார் கையில் பிடித்திருந்ததும் இப்படியான படங்கள்தான். சுவருக்குப் பெயின்ற் அடிக்க அதைக் கழற்றும்போது வேலையாட்களிடம் விடாதீர்கள், அந்தத் தாயே கழற்றட்டும். திரும்ப எங்கே மாட்டுவது, மாலை போட்ட படங்களின் வரிசையில் வைப்பதா, தனியே வைப்பதா என்பதையும் அவரிடம்தான் கேட்க வேண்டும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் நன்றாகக் காய இரண்டு மூன்று வாரம் விடுங்கள். படத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போக, சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டுங்கள். மேற்கு வெயில் படுகிற சுவர் வேண்டாம், நிறம் வெளிறிவிடும். கழற்றிய அன்றே ஸ்கான் செய்து, ஒரு பிரதியை வெளிநாட்டில் உள்ள உறவினருக்கும் அனுப்பிவையுங்கள். பல வீடுகளில் அவர்களுடைய ஒரே படம் அதுதான்.