அரக்கரை வென்ற சிறுவன்: ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் அச்சமும் நகையும்

முன்னுரை

அரக்கரை வீரர் வெல்லும் கதை எந்நாட்டு இலக்கியத்திலும் உண்டு. அரக்கரைச் சிறுவன் வெல்வதும், அவ்வெற்றியைக் கேட்போர் வியவாது நகைப்பதும் வேறொரு மரபாகும். இன்று உலகெங்கும் சிறுவர் விரும்பிப் படிக்கும் அருஞ்செயல் தொடர்கதைகளுள் பல இம்மரபைச் சார்ந்தவை. மாக்ஸ் பிராலியர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2015இல் தொடங்கிய ‘உலகின் கடைசிச் சிறுவர்கள்’ என்னும் பொருள்படும் தொடர் அவற்றுள் ஒன்று. அதன் தலைவன் பதின்மூன்று வயதுச் சிறுவன்; நண்பரோடு சேர்ந்து விந்தை விலங்குகளை எதிர்ப்பவன்; ஆபத்தின் நடுவேயும் வேடிக்கை பேசுபவன். அவன் பெயர் ஜாக். இப்பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு வழிமுறை காட்டுதல் முறையன்று. எனினும் ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் அரக்கரை வேட்டையாடிய முதல் சிறுவனின் பெயரும் ஜாக் என்பதே. அவன் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய கதைகளைப் பொழுதுபோக்கு எனக் கருதி ஒதுக்குவாரும் உளர்; குழந்தை உள்ளத்தைக் கெடுப்பன எனக் கடிவாரும் உளர். இவ்விரு கருத்தும் இன்று தோன்றியவை அல்ல. ஜாக்கின் கதை முந்நூறு ஆண்டுகளாக இவ்விரண்டனையும் தாங்கியே வாழ்ந்து வந்துள்ளது. அதனை வாழவைத்தது யாது என்பதே நம் வினா.

வீரர் கதையும் சிறுவர் கதையும்

பிரித்தானியாவில் அரக்கர் வாழ்ந்தனர் என்னும் கொள்கை பழமையானது. மான்மத் ஊரினரான ஜெப்ரி என்பார் கி.பி. 1136ஆம் ஆண்டையொட்டி இலத்தீன் மொழியில் இயற்றிய பிரித்தானிய அரசர் வரலாற்றில் இருவேறு அரக்கர் போர்கள் காணப்படுகின்றன. கொரினியஸ் என்னும் வீரன் பன்னிரண்டு முழ உயரமுள்ள கோக்மகோக் என்னும் அரக்கனோடு மற்போர் புரிந்து அவனைக் கடலில் எறிகின்றான். அரக்கர் மிகுதியாக வாழ்ந்தமையாலேயே கார்ன்வால் நாட்டைத் தன் பங்காக அவன் விரும்பிப் பெற்றான் என்பது அந்நூற் செய்தி. ஆர்தர் மன்னன் பிரான்சு நாட்டு மைக்கேல் மலையில் வாழ்ந்த அரக்கனை வாளால் வீழ்த்துவது மற்றொன்று. இவ்விரு போரிலும் வலிமையோடு வலிமை மோதுகின்றது. வெல்வோன் அரசனாகவோ அரசனுக்கு நிகரானவனாகவோ இருக்கின்றான்.

ஜாக்கின் கதையும் ஆர்தர் காலத்தில் நிகழ்ந்ததாகவே தொடங்குகிறது. அதன் முதல் அரக்கனும் ஒரு மைக்கேல் மலையிலேயே வாழ்கின்றான். அது கார்ன்வால் கரையையொட்டி நிற்கும் செயிண்டு மைக்கேல் குன்று. கடல்நீர் வற்றும்பொழுது மட்டுமே அதற்குத் தரைவழியே நடந்து செல்லலாகும். பிரான்சு நாட்டு மலையின் மடத்திற்கு ஒருகாலத்தில் உடைமையாயிருந்தது இக்குன்று. ஆகவே இடமும் காலமும் பழையனவே, தலைவனே புதியவன். ஜாக் உழவன் ஒருவனின் ஒரே மகன். கூர்த்த அறிவும் துடுக்கும் உடையவன்.

இக்கதையின் பதிப்புகளுள் பழமையானதாகக் குறிக்கப்பெறுவது 1711ஆம் ஆண்டு நியூகாசில் நகரில் வெளிவந்ததாகும். ஊர் ஊராகச் சுற்றிய சிறுவணிகர் பிற பொருள்களோடு சுமந்து விற்ற மலிவான சிறுநூல்களுள் இதுவும் ஒன்று. ஒரே தாளை மடித்து அச்சிட்ட இந்நூல்கள், சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற நம் நாட்டுப் பாட்டுப் புத்தகங்களை ஒருபுடை ஒத்தவை. புலவர் அவையில் ஏறாத நூலே உழவர் வீட்டில் நுழைந்தது. இளமையில் இவற்றைப் படித்து மகிழ்ந்த பாஸ்வெல் 1763இல் இலண்டன் அச்சகம் ஒன்றிற்கே சென்று இவற்றைத் தேடி வாங்கித் தொகுத்தார். ஜாக்கின் கதையையும் அங்கு அச்சாகும் நூல்களுள் ஒன்றாக அவர் தம் நாட்குறிப்பில் சுட்டுகின்றார்.

கதையின் அமைப்பு

கார்மொரான் என்னும் அரக்கன் பதினெட்டு அடி உயரமுடையவன். ஊராரின் எருதுகளை முதுகில் சுமந்து செல்பவன். அவனை ஒழிப்பார்க்கு அவனது செல்வமே பரிசு என்கின்றனர் ஊரார். ஜாக் எடுத்துச் செல்வன ஒரு கொம்பு, ஒரு மண்வாரி, ஒரு குந்தாலி ஆகியவையே. இரவெல்லாம் உழைத்து இருபத்திரண்டு அடி ஆழமுள்ள குழி பறிக்கின்றான். குச்சியும் வைக்கோலும் பரப்பி மண்ணால் மூடுகின்றான். விடியற்காலையில் கொம்பூதி அரக்கனை எழுப்புகின்றான். சினந்து ஓடிவந்த அரக்கன் குழியில் வீழ்கின்றான். ஜாக் குந்தாலியால் அவனைக் கொல்கின்றான்.

இங்கு வாளும் வேலும் இல்லாமை கருதத்தக்கது. வெள்ளீயச் சுரங்கங்கள் நிறைந்த கார்ன்வாலில் மண்வாரியும் குந்தாலியும் உழைப்பாளரின் கருவிகள். அரக்கனை வெல்லும் படைக்கலம் அரண்மனையிலிருந்து வரவில்லை. உழைப்பாளர் வீட்டு மூலையிலிருந்து வருகின்றது. கதையை வாங்கிப் படித்தோர் யாவர் என்பதை இது நன்கு உணர்த்தும்.

ஓர் அரக்கனோடு கதை முடிவதில்லை. பிளண்டர்போர், வேல்சு நாட்டு இருதலை அரக்கன், முத்தலை அரக்கன், தண்டர்டெல், காலிகாண்டஸ் என ஒருவர்பின் ஒருவராக வருகின்றனர். ஒவ்வொருவனுக்கும் வேறு சூழ்ச்சி. ஒருவனுக்குக் கயிற்றுச் சுருக்கு, ஒருவனுக்கு அறுத்துவைத்த அகழிப்பாலம். இடையில் மறைக்கும் மேலாடை, அறிவு தரும் தொப்பி, கூரிய வாள், விரைவு தரும் மிதியடி ஆகிய நான்கும் ஜாக்கிற்குக் கிடைக்கின்றன. தலைவன் மாறாது நிற்பப் பகைவர் மாறிமாறி வரும் இவ்வமைப்பே பிற்காலத் தொடர்கதைகளின் அமைப்புமாகும். முதற்பகுதி விற்றபின் இரண்டாம் பகுதி விற்கவும் இது வாய்ப்பளித்தது.

நகையின் தொழில்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையும் அச்சத்தையும் வைத்தார். அச்சத்திற்குரிய களன்களுள் அணங்கு ஒன்று. நகைக்குரிய களன்களுள் இளமை, பேதைமை, எள்ளல் என்பன அடங்கும். ஆங்கிலக் கதைக்கு இலக்கணம் வகுக்க அவர் நூல் செய்யவில்லை. ஆயினும் இப்பாகுபாடு ஜாக்கின் கதையை விளக்கப் பெரிதும் உதவுகின்றது.

வேல்சு அரக்கன் வீட்டில் ஜாக் தங்கிய நிகழ்ச்சியைக் காண்போம். இரவில் தன்னைக் கொல்ல அரக்கன் எண்ணுவதை அறிந்த ஜாக் படுக்கையில் ஒரு விறகுக் கட்டையை வைத்துவிட்டு மூலையில் ஒளிந்துகொள்கின்றான். அரக்கன் தடியால் ஓங்கி ஓங்கி அடித்துச் செல்கின்றான். காலையில் ஜாக் நலமாக எழுந்து வந்து, இரவில் ஓர் எலி வாலால் இரண்டு மூன்று தட்டுத் தட்டியது போலும் என்கின்றான். பின்னர் இருவரும் கூழுண்ண அமர்கின்றனர். ஜாக் ஆடைக்குள் ஒரு தோற்பையை மறைத்து அதிற் கூழை ஊற்றி, இறுதியில் கத்தியால் பையைக் கிழித்து வெளியே கொட்டிக் காட்டுகின்றான். இவ்வித்தை தனக்கும் வரும் என்று அரக்கன் தன் வயிற்றையே கிழித்துக்கொண்டு மடிகின்றான்.

இவ்விரு சூழ்ச்சிகளும் ஜாக்கிற்கே உரியன அல்ல. கிரிம் உடன்பிறந்தார் 1812இல் வெளியிட்ட துணிவுள்ள தையற்காரன் கதையில் படுக்கைச் சூழ்ச்சியும், ஆஸ்பியோர்ன்சன், மோ ஆகியோர் தொகுத்த நார்வே நாட்டுக் கதை ஒன்றில் உணவுப் போட்டியும் உள்ளன. நாட்டுப்புறக் கதைவகைப் பட்டியலில் இவை முறையே 1115, 1088 என்னும் எண்களைப் பெற்றுள்ளன. இவற்றினும் பழையது ஸ்னோரி என்பார் 1220ஐ ஒட்டி ஐஸ்லாந்து நாட்டில் எழுதிய நூலிற் காணப்படும் செய்தி. அங்குத் தோர் என்னும் தெய்வம் உறங்கும் அரக்கனைச் சம்மட்டியால் அடிக்க, அரக்கன் விழித்து, இலை ஒன்று உதிர்ந்ததோ என வினவுகின்றான். அங்கே அரக்கன் தெய்வத்தை நகைக்கின்றான். இங்கே சிறுவன் அரக்கனை நகைக்கின்றான். பழம்பொருள் ஒன்று கைம்மாறியபொழுது நகையின் திசையும் மாறியது.

இம்மாற்றத்தின் பயன் யாது? பதினெட்டு அடி உயரம் அச்சத்திற்குரியது. அவ்வுயரத்தையுடையவன் பேதையும் ஆவான் என்று காட்டியவுடன் அச்சம் நகையாகத் திரிகின்றது. குழந்தைக்குத் தன்னைச் சூழ்ந்த முதியோர் அனைவரும் பேருருவினரே. அவர்தம் உருவத்திற்கும் அறிவிற்கும் கட்டாயத் தொடர்பில்லை என்னும் செய்தி அதற்கு இனிக்காதிராது. ஆகவே இக்கதையில் நகை மேற்பூச்சு அன்று, அதுவே படைக்கலமாகும்.

கல்வியாளர் நோக்கு

ஜான் லாக் என்னும் அறிஞர் 1693இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலில், பணியாட்கள் பேய்ப்பெயர் கூறிக் குழந்தைகளை அச்சுறுத்துதலைக் கண்டித்தார். இளமையிற் பதிந்த இவ்வச்சம் பின்னர் எளிதில் நீங்காது என்பது அவர் கருத்து. அது பொருத்தமுடையதே. ஆனால் அச்சுறுத்தி அடக்குவதற்காகச் சொல்லப்படும் பேய்ச்செய்தி வேறு. அரக்கனைச் சிறுவன் வெல்லும் கதை வேறு. முன்னதில் குழந்தை இரை. பின்னதில் குழந்தை வேட்டுவன். இவ்வேறுபாட்டைப் பிற்காலக் கல்வியாளர் பலர் கருதவில்லை.

ஜான் நியூபெரி 1744இல் வெளியிட்ட சிறுவர் நூலில் ஜாக் புதுக்கோலம் பூண்டு வருகின்றான். அவன் எழுதியனவாக இரு கடிதங்கள் அதில் உள. ஒன்று சிறுவனுக்கு, மற்றொன்று சிறுமிக்கு. நூலோடு பந்தோ குண்டூசிமெத்தையோ விற்கப்பட்டது. அதன் ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் கறுப்பு. நற்செயலுக்குச் சிவப்பிலும் தீச்செயலுக்குக் கறுப்பிலும் குண்டூசி குத்த வேண்டும். பத்து ஊசி சிவப்பிற் சேர்ந்தால் ஜாக் ஒரு பென்னி அனுப்புவான். கறுப்பிற் சேர்ந்தால் பிரம்பு அனுப்புவான். அரக்கரை ஏய்த்த துடுக்கன் முப்பத்துமூன்று ஆண்டுகளில் பிரம்பேந்திய ஆசானாக்கப்பட்டான்.

அந்நூற்றாண்டின் இறுதியில் எதிர்ப்பு வலுத்தது. சாரா டிரிம்மர் அம்மையார் 1802 முதல் 1806 வரை நடத்திய இதழில் இத்தகைய கற்பனைக் கதைகளைக் கடுமையாகச் சாடினார். அதே 1802ஆம் ஆண்டு அக்டோபரில் சார்லஸ் லாம் தம் நண்பர் கோல்ரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில், அறிவுரை நூல்கள் பழைய சிறுவர் நூல்களை விரட்டிவிட்டன என வருந்துகின்றார். நியூபெரியின் கடையிலேயே அவற்றை எடுத்துத்தர ஆள் தயங்கினான் என்பது அவர் கூறும் செய்தி. எனினும் கதை மடியவில்லை. ரிச்சர்டு டாயில் 1842இல், தம் பதினெட்டாம் வயதில், இதனைத் தம் கையால் எழுதி ஓவியங்களும் தீட்டினார். ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் தம் ஆங்கிலக் கதைத்தொகுப்பில் இதனைச் சேர்த்தார்.

எள்ளலின் மறுபக்கம்

இக்கதையிற் குறையே இல்லை என்பது நம் கருத்தன்று. கூழுண்ட அரக்கன் வேல்சு நாட்டினன். அவன் பேசும் ஆங்கிலம் அந்நாட்டார் பேச்சை நையாண்டி செய்வதற்கென்றே திரித்து எழுதப்பட்டது. அரக்கனது பேதைமையைக் கண்டு நகைத்தல் ஒன்று. அண்டைநாட்டாரின் நாவைக் கண்டு நகைத்தல் மற்றொன்று. முன்னது அச்சத்தை நீக்குகின்றது. பின்னது அண்டையாரையே அரக்கராக்குகின்றது. ஒரே காட்சியில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. டிரிம்மர் அம்மையார் போன்றோர் கதையின் பொய்ம்மையைக் கடிந்தனர். நாம் கடிய வேண்டுவது பொய்ம்மையை அன்று, இவ்வெள்ளலையே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகும். பழைய வீரர் கதையின் இடமும் காலமும் அப்படியே நிற்பத் தலைவன் மட்டும் உழவர் வீட்டுச் சிறுவனாக மாறினான் என்பது ஒன்று. அம்மாற்றத்தால் வலிமையின் இடத்தைச் சூழ்ச்சியும், வியப்பின் இடத்தை நகையும் பெற்றன என்பது இரண்டு. கற்றோர் இதனை ஆசானாக்க முயன்றும் அகற்ற முயன்றும், குழந்தைகள் தங்களுக்கு வேண்டியதை இதன்கண் கண்டமையால் இது நிலைபெற்றது என்பது மூன்று.

சிறுவர் தொடர்கதைகளை ஆராயப் புகும் மாணவர், அரக்கன் எத்துணைப் பெரியவன் என்பதோடு நிறுத்தாது, அவன் எக்கருவியால் வீழ்கின்றான், அக்கருவி யாருடையது, நகை யார்மேற் செல்கின்றது என்னும் மூன்றனையும் நோக்குதல் வேண்டும். இவ்வினாக்களை நம் மொழியில் வழங்கும் பூதக்கதைகளிடத்தும் அரக்கர் கதைகளிடத்தும் எழுப்பின், ஆராய்ச்சிக்குரிய புதுக்களம் ஒன்று கிடைக்கும் என்பது நம் துணிபு.