71.42 விழுக்காடு எதை நிறுவுகிறது? நீட் மறுமுயற்சியும் ராஜன் குழுவின் அட்டவணையும்

நீட் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் மறுபடியும் எழுதலாமா என்பது பற்றிய விவாதங்களில் ஒரே அட்டவணைதான் அடிக்கடி சான்றாக நிறுத்தப்படுகிறது. நீதியரசர் ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு 2021 ஜூலையில் தமிழக அரசிடம் அளித்த அறிக்கையில் உள்ளது அது. 2016-17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தோரில் ரிப்பீட்டர்கள் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. அந்தந்த ஆண்டிலேயே பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தோரின் பங்கு 87.53இலிருந்து 28.58க்கு இறங்கிவிட்டது. இடம் பிடிப்போரில் பத்துக்கு ஏழு பேர் மறுமுறை எழுதியவர்கள் என்றால் மறுமுயற்சி பலன் தரும் என்றுதானே பொருள் என ஒரு சாரார் வாதிடுகின்றனர். அட்டவணை அந்த முடிவைத் தாங்காது என்பதே என் வாதம்.

அட்டவணை எண்ணியது இடங்களை. மாணவரின் கேள்வியோ வாய்ப்பைப் பற்றியது. நூறு இடங்களில் 71 பேர் ரிப்பீட்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவ்வாண்டு மறுமுறை எழுதியவர்கள் மொத்தம் 200 பேர் என்றால் மூவரில் ஒருவருக்கு மேல் வென்றிருக்கிறார். 1,000 பேர் என்றால் பதினான்கு பேரில் ஒருவர்தான். இரண்டு நிலையிலும் அட்டவணையில் நிற்கும் எண் 71தான். மறுமுறை எழுதியும் இடம் கிடைக்காதோர் அதில் எங்குமே தென்படுவதில்லை. முடிவெடுக்க வேண்டிய மாணவருக்கோ அவர்கள் தொகையே முதன்மையானது. குழுவை இதற்குக் குறைகூற இயலாது. மருத்துவ இடங்கள் யாருடைய கைக்குப் போகின்றன என்பதே குழு ஆராய்ந்த பொருள். அதற்குப் பங்கு விகிதம் சரியான அளவுகோல். பிழை, ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை வேறொரு கேள்விக்கு ஒட்டவைத்த பின்னாளைய வாசிப்பினுடையது.

அட்டவணையின் இரு முனைகளையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. 2016-17இல் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோல். அந்த 12.47 விழுக்காட்டினர் நீட்டை மறுபடி எழுதியவர்களாக இருக்க முடியாது. எனவே 12இலிருந்து 71க்கு ஏறிய ஏற்றம் மறுமுயற்சியின் பலன் கூடியதைக் காட்டவில்லை. தேர்வு முறையே மாறியதைக் காட்டுகிறது. பழைய பாடத்திட்டத்தில் படித்த மாணவர்கள் முதல் முயற்சியில் தடுமாறியதே இதற்குக் காரணம் என்று கூறலாம். ஆனால் புதிய பாடநூல்களில் பிளஸ் டூ முடித்த முதல் அணி 2020 செப்டம்பரில்தான் நீட் எழுதியது. அந்த ஆண்டின் சேர்க்கையில்தான் 71.42 வருகிறது. பாடத்திட்டம் மட்டும் காரணம் அல்ல என்பதற்கு இதுவே போதும். வரிசை நீண்டதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று கருதுகிறேன்: ஓராண்டில் இடம் கிடைக்காதவர்கள் மறு ஆண்டும் வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் புதியவர்கள் சேர்கிறார்கள். தரவரிசைத் தேர்வில் எல்லோரும் ஓராண்டு கூடுதலாகப் படித்தால் கட்-ஆஃப்தான் ஏறும். எவருடைய இடமும் தானாக முன்னேறாது.

இதற்கு மாறாக, மதிப்பெண் ஏற்றத்தையே நேரடிச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. 2024இல் முதலில் 67 பேருக்கும், திருத்திய முடிவில் 17 பேருக்கும் 720க்கு 720 கிடைத்தது. 2025இல் அகில இந்திய முதலிடத்தின் மதிப்பெண்ணே 686. பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண் 162இலிருந்து 144க்கு இறங்கியது. இவ்விரு ஆண்டுகளிலும் எழுதிய ஒருவர் மதிப்பெண்ணில் சரிந்து தரவரிசையில் முன்னேறியிருக்கலாம். ஆகவே ஒப்பிட வேண்டியது தரவரிசை. அதுவும் தமக்குரிய ஒதுக்கீட்டின் கடைசி இடத்துக்கும் தமக்கும் உள்ள இடைவெளி. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபின் அந்த வரிசையின் கட்-ஆஃப் வேறு, பொது வரிசையின் கட்-ஆஃப் வேறு. எல்லா வரிசைகளையும் கலந்த 71.42 இவற்றில் எதற்கும் வழிகாட்டாது.

மதிப்பெண் எங்கே போனது என்பதும் அதே அளவு முக்கியம். 180 கேள்விகளில் 90 சரி, 90 விடப்பட்டவை என்றால் 360. 108 சரி, 72 தவறு என்றாலும் 360தான். முன்னவர் பாடத்தில் பாதியைத் தொடவில்லை. அவருக்கு ஓராண்டு தேவைப்படலாம். பின்னவர் எல்லாக் கேள்விக்கும் விடையளித்து 72 மதிப்பெண்ணைக் கழித்தலில் இழந்தவர். அவரது இடர் பாடத்திலா பதற்றத்திலா என்பதை ஓ.எம்.ஆர். நகலையும் விடைக்குறிப்பையும் வைத்துக்கொண்டு வினாவாரியாகப் பார்த்தால்தான் தெரியும். ஒரே மதிப்பெண், இரண்டு வேறு முடிவுகள்.

அட்டவணை பயனற்றது என்றால் மறுமுயற்சியே கூடாது என்று ஆகாதா? ஆகாது. முதல் முயற்சியில் நழுவியவர் தகுதியற்றவர் என்ற தீர்ப்பை அதே அட்டவணை உடைக்கிறது. சேர்ந்தோரில் பெரும்பாலோர் ஒருமுறை தவறவிட்டவர்களாக இருக்கும்போது அந்தத் தீர்ப்பு நிற்காது. வசதியுள்ளவர்களே மறுபடி எழுதுகிறார்கள் என்ற ஆட்சேபம் உண்மைதான். ஆனால் அது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. கோச்சிங் கட்டணத்தையும் ஓராண்டு வருமான இழப்பையும் தாங்கக்கூடிய குடும்பங்களின் வெற்றியை, தாங்க முடியாத குடும்பத்துக்கு முன்னுதாரணமாக நீட்டுவது நேர்மையல்ல. விடாமுயற்சி வென்றே தீரும் என்ற வாதத்துக்கு ஆய்வில் இடமில்லை; சான்று இருந்தால் பேசலாம்.

சான்று இல்லாமலும் இல்லை. கலந்தாய்வு விண்ணப்பத்தில் பிளஸ் டூ முடித்த ஆண்டு பதிவாகிறது; முந்தைய முயற்சிகளின் முடிவுகள் தேசியத் தேர்வு முகமையிடம் இருக்கின்றன. சேர்ந்த ரிப்பீட்டர்களின் எண்ணிக்கையோடு, எழுதியும் இடம் பெறாதோரின் எண்ணிக்கையையும் ஒதுக்கீடு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதுவரை மறுமுயற்சிக்கு 71.42ஐச் சான்றாகக் காட்டுவதை ஆய்வாளர்களும் கோச்சிங் மையங்களும் கைவிட வேண்டும்.